46 வயதில் முதல் வகுப்பு... ருசியைத் தேடி மெக்சிகோவையே சுற்றிய டயானா கென்னடி!

‘நல்லா சாப்பிடணும், ஊர் ஊரா சுத்தணும், அதுக்குச் சம்பளமும் வாங்கணும்.’ இன்றைய கனவு வேலைகளில் இதற்குத் தனி இடம் உண்டு. முதுகில் ஒரு பை, கையில் ஒரு மொபைல், எதிரே ஆவி பறக்கும் தட்டு. அந்த வீடியோக்களைப் பார்க்கும்போது ‘இதெல்லாம் வேலையா, கொடுப்பினை!’ என்றுதான் தோன்றும்.

ஆனால், வீடியோவில் வராத பாதி ஒன்று இந்த வேலையில் இருக்கிறது. மொபைலும் யூடியூபும் இல்லாத காலத்தில், அதுவும் கணவரை இழந்து நின்ற வயதில், இதையே தொழிலாக்கிக்கொண்ட ஒரு பெண் இருந்தார். பெயர் டயானா கென்னடி. பிறந்தது இங்கிலாந்து. வாழ்ந்ததும் சமைத்ததும் சண்டை போட்டதும் மெக்சிகோ.

1923-ம் ஆண்டு மார்ச் 3-ம் தேதி, லண்டனை ஒட்டிய எஸெக்ஸில் லவுட்டன் என்ற ஊரில் பிறந்தார். அம்மா பள்ளி ஆசிரியை. அப்பா விற்பனையாளர். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. ஆண்கள் ராணுவத்துக்குப் போய்விட, காடுகளில் மர வேலை பார்க்கப் பெண்களைக் கொண்டு ஒரு படையை பிரிட்டிஷ் அரசு அமைத்தது. அதில் சேர்ந்தார். போர் முடிந்தது. ஆனால், ஒரே ஊரில் உட்காரும் பழக்கம் மட்டும் அவருக்கு வரவே இல்லை. 1953-ல் கனடாவுக்குக் குடிபோனார். அங்கே கிடைத்த வேலைகளைப் பார்த்தார். 1957-ல் கரீபியன் தீவுகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

அந்தப் பயணம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ஹைட்டியில் அப்போது அரசியல் கலவரம். அதைப் பற்றிச் செய்தி எழுத வந்திருந்தார் ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் பால் கென்னடி. இருவருக்கும் பிடித்துப்போனது. அதே ஆண்டு பாலுடன் வாழ மெக்சிகோ சிட்டிக்கு வந்து சேர்ந்தார் டயானா. ஸ்பானிஷ் சரியாகத் தெரியாது. கையில் வேலையும் கிடையாது. வயது 34.

சந்தைதான் கல்லூரி

பால் செய்தி எழுதினார். டயானா சந்தைக்குப் போனார். அவருடைய படிப்பு தொடங்கியது அங்கேதான்.

மெக்சிகோவின் ஒரு சந்தையில் மிளகாய் விற்கும் அம்மாவிடம் போய் ‘மிளகாய் வேண்டும்’ என்று மட்டும் கேட்க முடியாது. எந்த மிளகாய் என்று திருப்பிக் கேட்பார். பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், அதையே காயவைத்தால் வேறு பெயர். பொப்லானோ என்ற பெரிய பச்சைமிளகாய் காய்ந்துவிட்டால் ஆஞ்சோ. ஹாலபீன்யோவைப் பழுக்கவிட்டுப் புகைபோட்டு உலர்த்தினால் சிபோட்லே. ஒவ்வொன்றுக்கும் தனி மணம், தனிக் குணம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் குழம்பே வேறு குழம்பாகிவிடும்.

மிளகாய் இல்லாமல் ஒருவேளைச் சமையலைக்கூட யோசிக்க முடியாத நமக்கு இது சுவாரஸ்யமான இடம். ஏனென்றால், மிளகாயின் தாய்வீடே அந்தப் பகுதிதான். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்களின் கப்பலேறித்தான் அது இந்தியாவுக்கு வந்தது. அதுவரை காரத்துக்கு மிளகையே நம்பியிருந்த நாம், புதிதாக வந்த காய்க்கு ‘மிளகு’ம் ‘காய்’ம் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டோம். தக்காளி, பப்பாளி, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிகள்தான்.

அங்கே இருக்கும் சமையல் சாமான்களைப் பார்த்தாலும் நமக்கு அந்நியமாகத் தெரியாது. மெத்தாதே என்பது கால் வைத்த, சற்றே சரிந்த அம்மி, குழவியும் உண்டு. மொல்கஹெத்தே, மூன்று கால் கொண்ட சின்னக் கல்லுரல். கொமால் என்பது மண்ணால் செய்த தோசைக்கல். வாழை இலையில் மாவை வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் தமாலேயை நம் பாட்டிகளிடம் காட்டினால், ‘ஏதோ இலைக் கொழுக்கட்டை’ என்று சொல்லிவிடுவார்கள்.

டயானாவின் முதல் ஆசிரியர்கள், அவர் வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். பெரிய பெரிய விருந்துகளில் கிடைக்காத ருசி, அவர்கள் தங்களுக்காகச் சமைத்துக்கொள்ளும் சாப்பாட்டில் இருப்பதைக் கண்டுபிடித்தார். ‘இதை எப்படிச் செய்தாய்?’ என்று கேட்பார். அருகில் நின்று பார்ப்பார். ‘எங்க ஊர்ல இதை இன்னும் நல்லா செய்வாங்க’ என்று பதில் வந்தால், அந்த ஊருக்கே கிளம்பிவிடுவார். பால் செய்தி சேகரிக்க வெளியூர் போகும்போது கூடவே ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இப்படியே சில ஆண்டுகள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இது ஒரு தொழிலாகும் என்று அவரே நினைத்துப் பார்க்கவும் இல்லை.

இந்தக் காலத்தில்தான் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் உணவுப் பகுதி ஆசிரியர் கிரெய்க் கிளெய்போர்ன் மெக்சிகோ வந்தார். அன்றைய அமெரிக்காவில் உணவு என்றால் அவர் சொல்வதுதான் வேதம். அவருக்கு ஒரு மெக்சிகன் சமையல் புத்தகம் வாங்கித் தரட்டுமா என்று டயானா கேட்டிருக்கிறார். ‘வேண்டாம், நீங்கள் எழுதினால் அதைப் படிக்கிறேன்’ என்கிற பொருளில் பதில் வந்தது. விருந்தாளி பேசும் மரியாதைப் பேச்சு என்று அதை டயானா அப்போது விட்டுவிட்டார்.

நியூயார்க்கில் ஒரு சமையலறை

பாலுக்குப் புற்றுநோய். சிகிச்சைக்காக 1966-ல் இருவரும் நியூயார்க் போனார்கள். மறு ஆண்டே பால் இறந்துபோனார்.

டயானாவுக்கு அப்போது வயது 44-க்குள். பட்டம் இல்லை. ஒரே தொழிலில் தொடர்ந்து இருந்த அனுபவம் இல்லை. ‘நிருபரின் மனைவி’ என்ற அடையாளமும் பாலோடு போய்விட்டது. பெரிய நகரத்தில் வாடகை கொடுத்து வாழ வேண்டும். உணவும் பயணமும் தொழிலாகிற கதைகளில், ‘வேலையை உதறிவிட்டுக் கிளம்பினேன்’ என்று ஒரு வரி வரும். இவரிடம் உதறுவதற்கு எதுவுமே இல்லை. கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்... மெக்சிகோவின் வீட்டுச் சமையலைப் பற்றி நியூயார்க்கில் அவரளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு.

மெக்சிகன் சமையல் வகுப்பு எடுக்கும்படி கிளெய்போர்ன் சொன்னார். 1969-ல், 46 வயதை எட்டும் சமயத்தில், தன் வீட்டுச் சமையலறையிலேயே ஞாயிற்றுக்கிழமை மதிய வகுப்புகளைத் தொடங்கினார் டயானா.

அன்றைய அமெரிக்கர்களுக்கு மெக்சிகன் சாப்பாடு என்றால், மஞ்சள் சீஸ் உருகி வழியும் ஒரு தட்டு. ஓரத்தில் மசித்த பீன்ஸ், கொஞ்சம் சோறு. டெக்சாஸ் பக்கத்தில் உருவான கலப்புச் சமையல் அது. அதில் தவறு ஒன்றும் இல்லை. அதுவும் ஒரு மண்ணின் சமையல்தான். ஆனால், அதுவே மொத்த மெக்சிகோ என்று நினைப்பதை டயானாவால் தாங்க முடியவில்லை. இட்லி, தோசையோடு தென்னிந்தியச் சமையல் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நமக்கு வரும் அதே கோபம்.

வகுப்பு எடுப்பதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருந்தது. எபாசோட்டே என்ற வாசனைக் கீரை இல்லாமல் கறுப்பு பீன்ஸ் செய்வது, கறிவேப்பிலை இல்லாமல் தாளிப்பது போல. நியூயார்க் கடைகளில் அது கிடையாது. ஆனால், தன் வீட்டுக்கு அருகே ஆற்றங்கரைப் பூங்காவில் அது களைச்செடியாக வளர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டார் டயானா. எத்தனையோ பேர் தினமும் நடைப்பயிற்சி போன பாதைதான். சந்தைகளில் பல ஆண்டுகள் பழகிய கண்ணுக்கு மட்டும் அது கீரையாகத் தெரிந்தது.

வகுப்பின் பேச்சு பரவியது. ‘ஹார்ப்பர் அண்டு ரோ’ பதிப்பகத்தில் கவிதை நூல்களைக் கவனித்துவந்த ஃபிரான்சிஸ் மெக்கல்லோ, டயானாவைப் புத்தகம் எழுதச் சொன்னார். புத்தகம் எழுதிப் பழக்கமில்லாத டயானா, எழுதவும் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டார். சமையல் குறிப்புகளைத் தேடி மறுபடியும் மெக்சிகோ போனார். 1972-ல் ‘தி க்விஸீன்ஸ் ஆஃப் மெக்சிகோ’ வெளியானது. தலைப்பிலேயே பன்மை. மெக்சிகோவின் சமையல் அல்ல, சமையல்கள். அவருக்கு அப்போது வயது 49.

பிக்-அப் வண்டியும் ஒரு மண்வெட்டியும்

புத்தகம் நன்றாக ஓடியது. நியூயார்க்கிலேயே இருந்து வகுப்பு, பேட்டி என்று வசதியாக வாழ்ந்திருக்கலாம். டயானா 1970-களின் பிற்பாதியில் மெக்சிகோவுக்கே திரும்பிவிட்டார். மெக்சிகோ சிட்டிக்கு மேற்கே, மிச்சோகான் மாநிலத்தில் சித்தாக்வாரோ என்ற ஊருக்கு அருகே நிலம் வாங்கினார். அங்கிருந்த பெரிய பாறையை உடைக்காமல், அதைச் சுற்றியே பச்சை மண்கல்லில் வீடு கட்டினார். மழைநீரைச் சேமித்தார். சூரிய ஒளியில் சமைத்தார். காப்பிச் செடி வளர்த்து, கொட்டையைத் தானே வறுத்துக் குடித்தார். இயற்கை வாழ்க்கை என்பது ஃபேஷன் ஆவதற்கு ரொம்ப முன்பே நடந்தது இது.

அங்கிருந்துதான் உண்மையான அலைச்சல் ஆரம்பித்தது. முதலில் கிடைத்த பஸ்ஸில் எல்லாம் ஏறினார். கோழி, மூட்டை, குழந்தைகளோடு குலுங்கிக் குலுங்கிப் போகும் பஸ்கள். பிறகு ஒரு நிசான் பிக்-அப். பவர் ஸ்டீயரிங் கிடையாது. சேற்றில் சிக்கினால் தோண்டி எடுக்க ஒரு மண்வெட்டி வண்டியிலேயே இருக்கும். மலைப்பாதைகளில், பெரும்பாலும் தனியாக, அறுபது வயதைத் தாண்டியும் ஓட்டினார்.

ஒரு ஊருக்குப் போனதும் நேராகச் சந்தை. அங்கே புதிதாக ஒரு கீரையோ, ஒரு வகை மிளகாயோ கண்ணில் பட்டால் விற்பவரிடம் பேச்சு. ‘இதை எப்படிச் சமைப்பீங்க?’ பெரும்பாலும் அந்தக் கேள்வி அவரை ஒரு வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுபோய் விடும். அங்கே போய் ருசி பார்த்துவிட்டு வருவது பத்து நிமிட வேலை. டயானா செய்தது அதைவிடக் கஷ்டமானது. கண் அளவிலும் கை அளவிலும் அள்ளிப் போடும் ஒருவரை நிறுத்தி, அந்தக் கைப்பிடி எத்தனை கிராம் என்று அளக்க வேண்டும். ‘பதம் வந்ததும் இறக்கணும்’ என்றால், அந்தப் பதத்தின் நிறம் என்ன, மணம் என்ன என்று எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து, சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சமைக்க வேண்டும். அம்மாவிடம் போனில் வத்தக்குழம்பு செய்முறை கேட்டு எழுத முயன்றவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று.

அப்படி அவர் எழுதிவைத்ததில் முக்கியமானது மக்காச்சோள மாவு. மெக்சிகோவில் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கி, பிறகு அரைப்பார்கள். இதற்கு நிஷ்டமால் என்று பெயர். அப்போதுதான் மாவு ஒட்டும். ரொட்டி தட்ட வரும். இன்னொரு பலனும் உண்டு. சோளத்தில் உடலுக்குக் கிடைக்காமல் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை அந்தச் சுண்ணாம்பு விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பு வித்தையை விட்டுவிட்டுப் போனார்கள். விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம், குறிப்பாக இத்தாலியில், பெலாக்ரா என்ற கொடிய நோய் பரவியது. செய்முறையில் ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

யாருடைய சமையல் இது?

இந்த இடத்தில் ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சமையலை, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் எழுதி, புத்தகமாக்கி, பேரும் பணமும் சம்பாதிப்பது நியாயமா? இன்றைக்கு கேமராவோடு கிராமத்துக்குள் போகும் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டிய கேள்வி. டயானாவையும் கேட்டார்கள்.

அவரிடம் இருந்த ஒரு பதில், பெயர். சொல்லிக்கொடுத்தவர் யார், எந்த ஊர் என்பதைத் தன் புத்தகங்களில் குறிப்பிட்டார். ‘பாரம்பர்ய முறை’ என்று பொதுவாகப் போட்டுவிட்டுப் போகவில்லை. இன்னொரு பதில், அவர் அங்கேயே வாழ்ந்தார். எடுத்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. ஆனாலும் புத்தகத்தின் வருமானமும் விருதும் அவருக்குத்தானே வந்தன என்றால், ஆமாம், அவருக்குத்தான் வந்தன. அந்தக் கணக்கு முழுமையாக நேர் ஆகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

மெக்சிகோ அவரை எப்படிப் பார்த்தது? வெளிநாட்டவருக்கு அந்த நாடு தரும் மிக உயர்ந்த விருதான ‘அஸ்டெக் கழுகு’ விருதை 1980-களின் தொடக்கத்தில் கொடுத்தது. பிறந்த நாடான இங்கிலாந்து 2002-ல்தான் கௌரவித்தது. மெக்சிகோவின் பாரம்பர்யச் சமையலை யுனெஸ்கோ தன் கலாசாரப் பட்டியலில் சேர்த்தது 2010-ல். அப்போது மிச்சோகான் சமையலைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார்கள். டயானா வீடு கட்டிக்கொண்ட அதே மாநிலம்.

அவர் இனிமையான மனுஷி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுருக்கென்று பேசுவார். செய்முறையில் இல்லாததைச் சேர்த்தால் முகத்துக்கு நேராகத் திட்டுவார். புகழ்பெற்ற சமையல்காரர்கள்கூட அவர் சமையலறையில் மாணவர்கள்தான். கோபம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால், அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் ‘ஒஹாக்கா அல் குஸ்தோ’ புத்தகம் வந்திருக்காது.

ஒஹாக்கா, தெற்கு மெக்சிகோவில் இருக்கும் மலை மாநிலம். 16 பழங்குடி இனங்கள், அவரவர் மொழி, அவரவர் சமையல். அங்கே சில்வாக்லே என்றொரு மிளகாய். குறிப்பிட்ட ஒரு பகுதியில்தான் விளையும், அதுவும் கொஞ்சமாக. ஒஹாக்காவின் பெருமையான கறுப்பு மோலே குழம்புக்கு அதுதான் உயிர். மிளகாயைக் கறுக்க வறுத்து, கடலை, எள், சாக்லேட் எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டும் குழம்பு அது. மிளகாய் வறுக்கும்போது வரும் நெடி தெரு முழுக்க இருமவைக்கும். விளைவிப்பவர்கள் விட்டுவிட்டால் அந்த மிளகாய் போய்விடும். மிளகாய் போனால் குழம்பும் போய்விடும். அதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

ஊர் ஊராக அலைந்து, சுமார் 300 செய்முறைகளைச் சேர்த்தார். முதலில் ஸ்பானிஷிலும் 2010-ல் ஆங்கிலத்திலும் புத்தகம் வெளிவந்தது. மறு ஆண்டு, அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பு அதை ஆண்டின் சிறந்த சமையல் புத்தகமாகத் தேர்ந்தெடுத்தது. அப்போது டயானாவின் வயது 88.

வருமானம்? புத்தகங்கள், வகுப்புகள். சித்தாக்வாரோ வீட்டிலேயே சில நாள்கள் தங்கிக் கற்கும் பயிற்சி முகாம்களையும் நடத்தினார். அரை நூற்றாண்டு உழைப்பில் ஒன்பது புத்தகங்கள். மாதச் சம்பளக் கணக்கில் பார்த்தால், இதைத் தொழில் என்று வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம்தான்.

2019-ல், 96 வயதில், தன் சேகரிப்புகளை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தார். 19-ம் நூற்றாண்டு மெக்சிகன் சமையல் நூல்கள், வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்த குறிப்பேடுகள், கடிதங்கள். அவற்றோடு எல்லை தாண்டி, சாலை வழியாகவே அவரும் போனார். அவரைப் பற்றி எலிசபெத் கேரல் இயக்கிய ‘நத்திங் ஃபேன்ஸி’ ஆவணப்படம் திரையிடப்பட்டதும் அதே ஆண்டுதான். அந்த வயதிலும் தோட்டத்தில் நடக்கிறார், காப்பி வறுக்கிறார், யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கிறார்.

2022 ஜூலை 24-ம் தேதி, பாறையைச் சுற்றிக் கட்டிய அந்த வீட்டிலேயே டயானா காலமானார். நூறாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன.